அவள் நடந்து வராத படம்

என் செல்லக் கதிரேசா, இந்த அயித்தையை எதிரே வரச்சொல்லிக் கூப்பிட்ட ஒரே பிள்ளையே,

எங்கே இருக்கிறாய், எப்படி இருக்கிறாய் என்று கேட்டால் பதில் வரப்போவதில்லை. இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? அங்கே மழை உண்டா? இங்கே இல்லை. கோயில் குளத்தில் கடைசிப் படிவரை தெரிகிறது. பெரியநாயகி கண் திறக்கட்டும் என்று வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஐப்பசியில் உனக்குத் தலைத்திவசம். அதற்கு முன்னால் உன்னைப் பற்றி எழுதித் தரச்சொல்லி உன் சிநேகிதன் காதர் வந்தான். திருச்சியில் நீங்களெல்லாம் சேர்ந்து சங்கம் வைத்துப் படம் பார்த்தீர்களே, அதற்கு மாதம் ஒரு தாள் அச்சடிக்கிறார்களாம். "நாங்க எழுதுனா சினிமாவப் பத்தித்தான் எழுதுவோம் மாமி. நீங்க எழுதுங்க" என்றான். அஞ்சாம் வகுப்போடு நின்றவளுக்கு ஊருக்கு எழுத என்ன தெரியும்? உனக்கு என்றால் எழுதலாம். மற்றவர்கள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் உனக்கு வேண்டிய செய்தி. இல்லாவிட்டால் நீ வேறு எதையும் காதில் வாங்கமாட்டாய். உன் இத்தாலிக்காரர் புதுப்படம் எடுத்திருக்கிறார். நான் பார்த்துவிட்டேன். ஆமாம், நான்தான். உன் மாமா போன நாளிலிருந்து சினிமாக் கொட்டகை வாசலை மிதிக்காதவள், திருச்சிக்குப் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

அந்தக் கறுப்பு முக்காட்டுக்காரி இந்தப் படத்தில் வரவில்லை, அப்பு.

அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேராக அங்கே போனால் படிக்கிறவர்களுக்கு ஒன்றும் புரியாது. நீ யார், நான் யார், எனக்கும் இத்தாலிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன்னைப் பெற்ற கையோடு உங்கம்மா கண்ணை மூடினாள். உங்கப்பா, என் அண்ணன், உன்னைத் துணியில் சுற்றித் திருக்கோகர்ணத்திலிருந்து இங்கே திருவரங்குளத்துக்கு எடுத்துவந்து என் மடியில் போட்டார். என்னைக் கட்டிக்கொடுத்த வீடும் நான் உடுத்திய வெள்ளைச் சேலையும் தவிர அப்போது என்னிடம் ஒன்றும் இல்லை. நீ வந்தாய்.

நம் பக்கத்தில் எங்களைப்போன்றவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று யாரும் பாடம் எடுப்பதில்லை. தானாகத் தெரிந்துவிடும். வீட்டிலிருந்து யாராவது நல்ல காரியத்துக்குக் கிளம்பினால் நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வேன். அவர்கள் தெரு தாண்டிய பிறகுதான் வெளியே வருவேன். நீ பள்ளிக்கூடம் போன முதல் நாளும் அப்படித்தான். புதுக்கோட்டைச் சமஸ்தானம் போய் நாமும் இந்தியாவோடு சேர்ந்த அந்த வருஷம் நீ மெட்ராஸுக்குக் கிளம்பினாயே, அன்றும் அப்படித்தான். விபூதியும் நம் பழைய சமஸ்தானத்து அம்மன் காசு ஒன்றும் முடிந்த துணியை வாசல்படியில் வைத்துவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். "அயித்த, வாரேன்" என்று நீ கத்தியது கதவு வழியாகத்தான் கேட்டது.

மெட்ராஸில் படத்தை வெட்டி ஒட்டுகிற அறையில் உனக்கு வேலை. லீவுக்கு வரும்போதெல்லாம் எனக்கு அரிசி களைய விடாமல், பூ கட்ட விடாமல், கூடவே உட்கார்ந்து இத்தாலிப் படக்கதை சொல்வாய். அவர் பெயரை எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்தாய். என் வாயில் நுழையவில்லை. நம்ம இத்தாலிக்காரர் என்று வைத்துக்கொண்டோம்.

முதலில் சொன்னது ரொட்டிப் படம். சண்டையில் எரிந்துபோன ஒரு மலையூர். ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு பெரிய அடுப்பு. வீட்டுக்கு வீடு மாவு பிசைந்து, தன் வீட்டு ரொட்டி என்று தெரிய ஓர் அடையாளம் கீறிக் கொண்டுவருவார்கள். ஒரு தாய் மட்டும், சண்டைக்குப் போய்த் திரும்பாத மகனுக்கும் சேர்த்து ஒரு ரொட்டி கீறுவாள். அடுப்புக்காரனும் ஒன்றும் கேட்காமல் அதைச் சுட்டுக் கொடுப்பான். பஞ்சம் முற்றியபோது அந்த ஒரு ரொட்டிக்காக ஊரே அடித்துக்கொள்ளும்.

"அப்பறம்?" என்றேன்.

"அப்பறம் ஒண்ணுமில்ல அயித்த. அவ்வளவுதான் படம்."

"அதென்னடா, முடிவே இல்லாம?"

"நம்ம தெருவுல எந்தக் கத முடிஞ்சிருக்கு சொல்லு?"

இரண்டாவதை நீ சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. சண்டையில் வெடிக்காமல் வயலுக்குள் புதைந்து கிடக்கிற குண்டுகளைத் தோண்டி எடுக்கிறவன் ஒருவன். அவன் எடுத்தால்தான் ஊர் விதைக்க முடியும். ஆனால் இன்றைக்கோ நாளைக்கோ போகிறவன் என்று அவனுக்கு யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள். கடைசியில் ஒருத்தி துணிந்து வருகிறாள். கல்யாணத்தன்று ஏர் முனையில் ஏதோ தட்டியது என்று ஆள் வந்து கூப்பிடும். அவர்கள் ஊரில் மாலை போடுவார்களோ மாட்டார்களோ, நான் அவன் மாலையோடு வயலுக்குள் நடந்து போனதாகவே நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவதுக்குச் சிரித்தேன். அண்ணன் தம்பி இருவரும் கோவேறு கழுதைக்காகச் சண்டை போட்டு வீட்டை நடுவில் சுவர் வைத்துப் பிரிப்பார்கள். கிழவி சுவரில் ஒரு கல்லை உருவி, அதன் வழியே இரண்டு பேர் சண்டையையும் கேட்டு இரண்டு பேரையும் திட்டுவாள். நான்காவது வெள்ளப் படம். மாதா சிலையைத் தூக்கிக்கொண்டுபோய் மேட்டிலிருந்த மாட்டுத்தொழுவத்தில் வைப்பார்கள். "சாமியத் தொழுவத்துலயா வைப்பாங்க?" என்று உன்னிடம் சண்டைக்கு வந்தேன். அந்த ராத்திரி அங்கே மாடு கன்று போட்டது என்று நீ சொன்னதும் என் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

இந்த நாலிலும் அவள் உண்டு என்று நீதான் கண்டுபிடித்துச் சொன்னாய். கறுப்பு உடை, கறுப்பு முக்காடு. கதைக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. யாரும் அவளோடு பேசமாட்டார்கள். ஒரு படத்தில் ரொட்டிப் பலகை, ஒன்றில் வைக்கோல் கட்டு, ஒன்றில் கோழி, ஒன்றில் ஈரத்துணி. பாதையின் அந்தக் கோடியில் புள்ளியாகத் தெரிந்து, நம்மைப் பார்த்தே நடந்து வந்து, முகம் பெரிதாகி, கடந்து போவாள். அதுவரை கதை அவளுக்காக ஒதுங்கி நிற்கும். நாலிலும் அதே பொம்பளைதான். நடிக்கிறவள் இல்லை. அவர் ஊர்க்காரியோ உறவோ, யாருக்கும் தெரியாது என்றாய்.

"தாலி அறுத்தவளாடா?"

"கறுப்புக் கட்டுனா அங்க அப்படித்தான் அயித்த."

"அவ எதுக்க வந்தா அங்கிட்டு ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?"

நான் அம்மியில் அரைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாய். அப்புறம், "அயித்த, நீ எதுக்க வா. நான் படம் எடுக்குறேன்" என்றாய்.

கிண்டல் என்று நினைத்தேன். அடுத்த லீவில் புதுக்கோட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிற காதரையும், எங்கேயோ இரவல் வாங்கிய காமிராவையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றாய்.

கடலோரம் கட்டுமாவடியில் காதரின் அக்கா வீட்டில் தங்கினோம். நான் தனியாகப் பொங்கிக்கொள்வேன் என்றதற்கு அந்த மகராசி முகம் சுளிக்காமல் புதுச்சட்டி வாங்கித் தந்தாள். படத்தில் நான் மகனைத் தேடி வருகிற தாய். புயலில் படகோடு போனவர்களைக் கரையில் வரிசையாகக் கிடத்தியிருப்பார்கள். ஒவ்வொரு முகமாகத் துணியை விலக்கிப் பார்த்து, "இது இல்ல, இது இல்ல" என்று சொல்லிக்கொண்டே போவேன். கடைசித் துணியை நான் விலக்குவதோடு படம் முடிகிறது. அங்கே யார் என்று நீ காட்டவில்லை. படத்தின் முதல் காட்சி மட்டும், கரையோரமாக நான் எதிரே நடந்து வருவது.

முதல் நாள் விடியலில் நடந்தபோது, வலையும் கையுமாகக் கடலுக்கு இறங்கப்போனவர் ஒருவர் என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"யாருய்யா இந்த அம்மாவக் கூட்டியாந்தது? தொழிலுக்குப் போற நேரத்துல எதுக்க விடுறீங்களே, பொஞ்சாதி புள்ள இருக்குய்யா எனக்கு!"

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்கத் திரும்பிப் போய்விட்டார். எனக்குக் கோபமே வரவில்லை. கடலுக்குப் போகிற உயிர், அவர் கேட்டதில் என்ன தப்பு? நீதான் முகம் சிவந்து நின்றாய். மறுநாளிலிருந்து படகெல்லாம் போன பிறகுதான் நடந்தேன். அதற்குள் வெயில் ஏறி மணல் சுடும். நீ திரும்பத் திரும்ப நடக்கச் சொல்வாய். கருவாடு காயப்போடுகிற பெண்களுக்கு என்னைப் பார்த்து ஒரே கொண்டாட்டம்.

"ஏ ஆத்தா, என்னத்தத் தொலச்சுப்புட்டு இங்கிட்டும் அங்கிட்டும் அலையிற? சொன்னா நாங்களும் தேடுவம்ல!"

"அவுகள ஏண்டி கேக்குற? அந்தத் தம்பிக்குத்தான் கண்ணு சரியில்ல போல. இத்தன தடவ பாத்தும் தெரியல!"

நீ மட்டும் சிரிக்கவில்லை. "மனசுல எதையும் நெனைக்காத அயித்த. தண்ணிக்குப் போற மாதிரி வா" என்றாய். அப்படித்தான் வந்தேன். அத்தனை வருஷம் கதவுக்குப் பின்னால் நின்றவள், ஓர் ஆண்பிள்ளை கண்ணுக்கு நேராக, ஒதுங்காமல், தலை குனியாமல்.

நாலு ரீல் படம். அதைத் தூக்கிக்கொண்டு திருச்சிக்குப் போனாய். படங்களை வாங்கி ஊர் ஊராகக் கொட்டகைகளுக்கு விடுகிற ஒரு முதலாளிக்குப் போட்டுக் காட்டினாய். நீ என்னிடம் சொல்லவில்லை, காதர்தான் பிறகு சொன்னான். திரைக்குச் சூடம் காட்டிவிட்டுத்தான் உட்கார்ந்தாராம். தூரத்தில் வெள்ளையாகப் புள்ளி தெரிந்தபோது பேசாமல் இருந்திருக்கிறார். என் முகம் திரை நிறைய வந்ததும் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.

"என்னப்பா, சூடம் காட்டுன கையோட முண்டச்சி மொகத்தக் காட்டுற? அத வெட்டிப்புட்டு வா, மிச்சத்தப் பாக்கலாம்."

வெட்டுவதுதான் உனக்குச் சோறு போட்ட வேலை. ஒரு கத்தரி, ஒரு நிமிஷம். நீ பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டாய்.

"வெட்டிருடா, எம்மொகம் இல்லேன்னா என்ன கொறஞ்சுபோச்சு?" என்று எவ்வளவு கெஞ்சினேன்! "இத்தாலிக்காரர் வெட்டுவாரா அயித்த?" என்றாய். அதோடு சரி. மழைக்காலத்தில் உனக்குக் கண் மஞ்சளித்தது. கீழாநெல்லியை அரைத்து மோரில் கொடுத்தேன், புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். பெரியநாயகிக்கு என் தலைமுடியை நேர்ந்துகொண்டேன். எதுவும் கேட்கவில்லை. உன் முகத்தில் துணி போட்டிருந்தார்கள். நான் விலக்கிப் பார்த்தேன். என் வாயில் வேறு வார்த்தை வரவில்லை, அப்பு. "இது இல்ல" என்றேன். சொல்லிக்கொண்டே இருந்தேனாம்.

அப்புறம் உன்னைத் தூக்கினார்கள். சங்கு ஊதினான். யாரோ கிளம்புகிறார்கள் என்றதும் என் கால் எழுந்து தன் பாட்டுக்கு நடந்தது. எல்லாப் பெண்களும் வாசலில் விழுந்து அழ, நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். நீ தெரு தாண்டுகிறவரை அங்கேயே நின்றேன். நான் உனக்கு இன்னும் என்ன கெடுதல் செய்துவிடப் போகிறேன் என்று ஒதுங்கினேன்? இன்றைக்கும் தெரியவில்லை.

ஊரில் ஒரே பேச்சு. வெள்ளைச் சேலைக்காரியை எதிரே விட்டுப் படம் எடுத்தான், அது அவனை வாரிக்கொண்டு போய்விட்டது என்று. உங்கப்பா வாயால் சொல்லவில்லை. ஆனால் காரியம் முடிந்த பிறகு என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை.

அந்த உங்கப்பாதான் போன மாதம் இங்கே வந்தார். கண்ணில் புரை முற்றிவிட்டது, கம்பை ஊன்றித் தடவித் தடவித்தான் நடக்கிறார். கூடவே டூரிங் டாக்கீஸ் முதலாளி. நம் ஊர்ப் பொட்டலில் கொட்டகை போட்டு மூன்று மாதமாகப் படம் ஓட்டுகிறார். உன் திவசத்தை ஒட்டி, பெரிய படத்துக்கு முன்னால் உன் படத்தைப் போட ஒத்துக்கொண்டாராம். என் முகத்தை எடுத்துவிட்டு.

"எம்புள்ள பேரு ஒரு தடவ தெரையில வரட்டும்த்தா" என்றார் உங்கப்பா. "கண்ணு முழுசா அவியிறதுக்குள்ள பாத்துட்டுப் போயிர்றேன். ஒன் மொகத்த வெட்டச் சொல்லு. வெட்டுனதக் கொளத்துல போட்டு எல்லாரும் தல முழுகிருவோம். அவன் பட்டது போதும்."

இருப்பது ஒரே ஒரு பிரதி. பெட்டி என்னிடம் இருக்கிறது, நான் தலையை ஆட்டினால்தான் ஆகும். ஆட்டினேன். பெற்றவர் கேட்கிறார், கண் போகிற நேரத்தில் கேட்கிறார். எனக்குமே அந்த முகத்தின் மேல் பயம் இருந்தது. போகட்டும், தொலையட்டும் என்றுதான் இருந்தது.

காதர் கத்தரியோடும் ஒட்டுகிற பசையோடும் வந்தான். பெட்டியைத் திறக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். "மாமி, ஞாயித்துக்கெழம காலையில திருச்சியில நம்ம சங்கத்துல இத்தாலிக்காரரு புதுப்படம் போடுறாங்க. வந்து பாருங்க. பாத்துட்டும் வெட்டச் சொன்னா, நானே வெட்டுறேன்" என்றான்.

போனேன். எல்லாரும் கண்ணாடி போட்ட காலேஜ் ஆட்கள். யார் கண்ணிலும் முதலில் படாமல் கடைசி வரிசை ஓரத்தில் உட்கார்ந்தேன். காதர் காதோரம் கதை சொன்னான். உன்னைப்போல அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் எனக்கு அவ்வளவு தேவைப்படவும் இல்லை. நீ முதலில் சொன்ன ரொட்டிப் படத்து மலையூரேதான், கதிரேசா! அதே ரொட்டி அடுப்பு. பிழைப்பு இல்லாமல் ஒவ்வொரு குடும்பமாகச் சாமான் கட்டிப் பட்டணத்துக்குப் போகிறார்கள். போகிறவர்கள் வீட்டைப் பூட்டி, திரும்பி வந்தால் எடுத்துக்கொள்ளலாம் என்று சாவியை அந்த அடுப்புக்குள் வைத்துவிட்டுப் போகிறார்கள். சாம்பல் இருந்த இடத்தில் அடுப்பு நிறையச் சாவி. உன்னிடம் சொல்ல வேண்டும்போல அப்போதே வாய் துடித்தது. பக்கத்தில் திரும்பினேன், காதர் இருந்தான்.

பாதிப் படத்துக்கு மேல் அந்தப் பாதை வந்தது. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்போது வருவாள், கையில் என்ன வைத்திருப்பாள்? யாரும் வரவில்லை. வெறும் பாதை. காற்றில் ஒரு செடி ஆடுகிறது. அப்படியே நிற்கிறது படம். முன்வரிசையில் எவனோ விசில் அடித்தான். "ஆப்பரேட்டர் தூங்கிட்டியாப்பா?" என்று ஒரு குரல். சிரிப்பு.

என் கால் நாற்காலிக்குக் கீழே நடக்க ஆரம்பித்தது. கட்டுமாவடி மணலில் நீ நடக்கவிட்ட நடை என் காலுக்கு மறக்குமா? இப்போது புள்ளியாகத் தெரிவாள். இப்போது அந்தக் கல்லைத் தாண்டுவாள். இப்போது முகம் தெரியும். இதோ நம்மைக் கடக்கிறாள். கடந்து முடித்தாள் என்று என் கால் நின்றது, படம் அடுத்த காட்சிக்கு மாறியது.

"செத்துப்போயிட்டாளோ காதரு?"

"இருக்கும் மாமி. எங்கயும் எழுதக் காணோம்" என்றான்.

நான் நினைத்தது தப்பாகவும் இருக்கலாம். அவர் என்ன நினைத்து எடுத்தாரோ, நீ இருந்தால் சொல்லியிருப்பாய். ஆனால் வேறு எவளுக்காவது கறுப்புக் கட்டி நடக்கவிட்டிருக்கலாமே? விடவில்லை. ஊர் காலியாகிறது, சாவியெல்லாம் அடுப்புக்குள் போய்விட்டது, அவள் நடந்த நேரத்தை மட்டும் அவளுக்கென்று விட்டு வைத்திருக்கிறார். யார் விசில் அடித்தாலும். நானோ உயிரோடு இருக்கும்போதே என்னை வெட்டிக் குளத்தில் போடத் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். நீ சோற்றை விட்டுக் காப்பாற்றி வைத்த நடையை.

திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்கும்போது காதரிடம், "கத்தரிய எடுத்துட்டுப் போயிருப்பா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் உங்கப்பாவும் முதலாளியும் வந்தார்கள்.

"வெட்ட வேணாம்ண்ணே."

"அப்பப் படமே வேணாங்கிறியா?"

"போடணும். முழுசாப் போடணும்."

முதலாளி நல்ல மனுஷன்தான். கையைப் பிசைந்தார். "ஆத்தா, நான் ஒங்களத் தப்பாச் சொல்லல. ஊரு ஊராச் சுத்திப் பொழைக்கிறவன். ஒவ்வொரு கொட்டகைக்கும் தேங்கா ஒடச்சு, சூடம் காட்டித்தான் தெரையத் தொடுறேன். சனங்க வந்து ஒக்காந்ததும் மொத மொகமா..."

"கொட்டகையப் பிரிக்கிற அன்னைக்குச் சூடம் காட்டுவீங்களா?"

"பிரிக்கிற அன்னைக்கு எதுக்கும்மா சூடம்?"

"அப்ப அன்னைக்குப் போடுங்க. எதையும் தொடங்குறதுக்குத்தான் நான் ஆக மாட்டேன். முடிக்கிறதுக்கு என்ன?"

அவர் யோசித்தார். "மறுநா காலையில அடுத்த ஊருக்கு வண்டி கட்டணுமே ஆத்தா."

"குளிச்சுப்புட்டுக் கட்டுங்க. ஒரு நா குளிச்சா ஒண்ணும் தேஞ்சுபோயிட மாட்டீங்க."

மனுஷன் சிரித்துவிட்டார். சரி என்றார்.

உங்கப்பா சிரிக்கவில்லை. "எம்புள்ளயோட மொதப் படத்தக் கொட்டகை பிரிக்கிற அன்னைக்கா போடுவ? கருமாதி மாதிரி? நான் வரல" என்றார். கம்பைத் தட்டிக்கொண்டு எழுந்தார். வாசல்படி தட்டித் தடுமாறினார். கை கொடுக்கப் போனேன், உதறிவிட்டார். அவர் கண்ணுக்கு இன்னும் எத்தனை நாளோ. அந்தக் கண்ணுக்கு நான் உன் பெயரைக் காட்டாமல் செய்துவிட்டேனா, கதிரேசா? நீ சொல். இதற்கு மட்டுமாவது சொல்.

நான் நம்புவது மாறிவிட்டது என்று நினைக்காதே. பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். நான் பின்கட்டிலேயே இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளைக்கு ஒன்று என்றால் என்னால் தாங்கமுடியாது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. என் முகம் அவ்வளவு பெரிதாக வரும்போது சனங்கள் எழுந்து போவார்கள். சிலர் கத்துவார்கள். திருச்சி முதலாளி சொன்ன அந்த வார்த்தையை நம் ஊர் வாயிலும் கேட்கப்போகிறேன். கேட்டுக்கொள்கிறேன்.

அமாவாசை கழிந்த மறுநாள் கொட்டகையைப் பிரிக்கிறார்கள். அன்று இருட்டியதும் நடக்கிற முதல் ஆட்டத்தில் உன் படம். தரையில் என் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார இடம் விட்டு வைப்பேன். அது உங்கப்பாவுக்கா, உனக்கா என்று என்னிடம் கேட்காதே. யார் வந்து "நகருங்க" என்றாலும் நகரமாட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது சத்தியம். அன்று சாயங்காலம் காதர் மாட்டு வண்டி கொண்டு வந்து உன் படம் இருக்கிற தகரப் பெட்டியை ஏற்றுவான். இந்த வீட்டிலிருந்து நீ கிளம்புவதாகத்தான் எனக்குத் தோன்றும். நான் அடுப்படிப் பக்கம் போகமாட்டேன். முன்னாடியே தெருக்கோடிக்குப் போய் நின்றுகொள்வேன். வண்டி நகர்ந்ததும் அங்கிருந்து புறப்பட்டு, ஒதுங்காமல், தலை குனியாமல், தண்ணீருக்குப் போகிறவளைப்போல உனக்கு எதிரே நடந்து வருவேன். நீ பார்த்துக்கொண்டே போ.

உன்னை வளர்த்த, உனக்கு எதிரே வரப்போகிற
அயித்தை வள்ளியம்மை,
திருவரங்குளம்